பொம்மை வண்டி வாங்கப் போறீங்களா? குழந்தையோட வளர்ச்சிக்கு எது உதவும், எது உதவாது?

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலில் தரிசனம் முடிந்து வெளியே வர்றீங்க. சித்தூரிலிருந்து 11 கிலோமீட்டர்தான். வேலூர், சென்னைப் பக்கமிருந்து வருகிறவர்கள் அதிகம் என்பதால் தெலுங்கோடு தமிழும் காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஊர். உங்க இடுப்பில் ஒன்றரை வயசுக் குழந்தை. எல்லாக் கோயில் கடைத்தெருவிலும் நடப்பதுதான் இங்கேயும் நடக்குது: குழந்தையின் கை பொம்மைக் கடைப் பக்கம் நீளுது.

மரத்தில் செய்த நடைவண்டி ஒன்று. காலால் உந்தி ஓட்டும் பிளாஸ்டிக் கார் ஒன்று. இது போதாதென்று, உங்க போனில் ஏற்கெனவே ஒரு பேட்டரி ஜீப் கார்ட்டில் காத்துக்கிட்டு இருக்கு. ரிமோட் உண்டு, பாட்டு உண்டு, ஹெட்லைட் உண்டு. "மூளை வளர்ச்சிக்கு உதவும்" என்ற வரியும் உண்டு.

மூணில் எது நிஜமாவே உதவும்? விலைக்கும் பலனுக்கும் சம்பந்தம் இருக்கா? பார்ப்போம்.

சுருக்கமா சொன்னா

ஏறி ஓட்டும் பொம்மை வண்டிகள் குழந்தையின் உடலுக்கும் அறிவுக்கும் உதவும். ஆனால் அந்தப் பலன் வண்டியில் இல்லை, நகர்வில் இருக்கு. அதனால் எந்த வண்டியைப் பார்த்தாலும் ரெண்டு கேள்வி போதும்.

ஒன்று: எங்கே போகணும், எப்போ நிக்கணும் என்று முடிவு எடுப்பது யார்? குழந்தையா, நீங்களா?

இரண்டு: வண்டியை நகர்த்த உழைப்பது யார்? குழந்தையின் காலா, மோட்டாரா?

முதல் கேள்வி மூளையின் கணக்கு. இரண்டாவது உடம்பின் கணக்கு. ரெண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் விலை அதிகமான வண்டி, பலனும் அதிகமான வண்டி என்று நமக்குத் தோணுது.

நகர்வுக்கும் அறிவுக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு எண். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃபும் சக ஆய்வாளர்களும் 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் விளையாடும்போது கவனித்து எண்ணினார்கள். 2012-ல் வெளியான அந்த ஆய்வின்படி, ஒரு மணி நேரத்தில் ஒரு குழந்தை சராசரியாக எடுத்து வைக்கும் அடிகள் 2,368. விழும் தடவைகள் 17.

நடை பழகுவது என்றால் இதுதான். ஆயிரக்கணக்கில் முயற்சி, நிறைய விழல், மறுபடி எழல். நாம "ஐயோ" என்று ஓடிப்போய்த் தூக்கும் ஒவ்வொரு விழலிலும் குழந்தை ஏதோ ஒன்றைக் கணக்குப் போட்டுக்கொள்கிறது.

இந்தக் கணக்கு காலோடு நிற்பதில்லை. எரிக் வால், ஜோசஃப் காம்போஸ் இருவரும் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வயதில் இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைகளைவிட நடக்கத் தொடங்கிய குழந்தைகளுக்குத் தெரிந்த சொற்கள் அதிகமாக இருந்தன. யோசித்துப் பார்த்தால் இதில் பெரிய மர்மம் இல்லை. நடக்கிற குழந்தை ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உங்ககிட்ட வரும். நீங்க "அட, கரண்டி எடுத்துட்டு வந்தியா?" என்பீங்க. அங்கே ஒரு சொல் சேர்ந்தாச்சு.

இன்னொரு ஆய்வு பழசு, ஆனால் நம்ம ஜீப் விஷயத்துக்கு ரொம்ப நெருக்கமானது. 1963-ல் ரிச்சர்ட் ஹெல்ட், ஆலன் ஹெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் இருட்டில் வளர்ந்த பூனைக்குட்டிகளை ஜோடி ஜோடியாக ஒரு ராட்டினத்தில் கட்டினார்கள். ஒரு குட்டி தன் காலால் நடக்கும். இன்னொன்று சின்னத் தொட்டியில் உட்கார்ந்திருக்கும். முதல் குட்டி நடக்க நடக்க, தொட்டியும் கூடவே சுற்றும். இரண்டும் பார்த்த காட்சி ஏறத்தாழ ஒன்றே.

முடிவு என்ன? நடந்த குட்டிக்கு ஆழம் புரிந்தது, பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கியது. உட்கார்ந்து சுற்றிய குட்டி ஒதுங்கவில்லை. கண் முன்னால் ஒரு பொருள் நெருங்கி வந்தபோதுகூட அது கண் சிமிட்டவில்லை. ஆறுதலான செய்தியும் ஒன்று உண்டு: சுதந்திரமாக நடமாட விட்டதும் அந்தக் குட்டிகள் சீக்கிரமே தேறிவிட்டன.

ரிமோட்டை அப்பா கையில் வைத்துக்கொண்டு, குழந்தையைச் சும்மா உட்காரவைத்து மாடியைச் சுற்றும் ஜீப்பை இப்போ நினைத்துப் பாருங்க. அது தொட்டியில் உட்கார்ந்த குட்டியின் நிலைதான். மனிதக் குழந்தை வேற, பூனைக்குட்டி வேற என்பது சரி. மீதி நேரம் ஓடி ஆடும் குழந்தைக்கு அந்தப் பத்து நிமிஷத்தால் கெடுதல் ஒன்றும் வந்துவிடாது. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தைக் "கற்றல்" என்ற கணக்கில் எழுதவும் முடியாது.

அப்போ மோட்டார் என்றாலே வேஸ்ட்டா? அதுவும் இல்லை. 2013-ல் வெளியான இன்னொரு ஆய்வில், தவழக்கூடத் தொடங்காத கைக்குழந்தைகளை மோட்டார் பொருத்திய சின்ன வண்டியில் உட்காரவைத்தார்கள். கையில் ஜாய்ஸ்டிக். குழந்தை இழுத்தால்தான் வண்டி நகரும். சில வாரப் பழக்கத்துக்குப் பிறகு, பள்ளம்போலத் தெரியும் இடத்தின் மேல் இறக்கியபோது அந்தக் குழந்தைகளின் இதயத் துடிப்பு கூடியது. பழக்கம் இல்லாத குழந்தைகளிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. உழைத்தது மோட்டார், ஆனால் முடிவு எடுத்தது குழந்தை. மூளையின் கணக்கில் அது செல்லும்.

எந்த வயசுக்கு எந்த வண்டி?

உலக சுகாதார அமைப்பு இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் குழந்தைகளைக் கவனித்து, 2006-ல் உடலியக்க மைல்கற்களை வெளியிட்டது. அதன்படி துணையில்லாமல் நடக்கத் தொடங்கும் வயது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதம் வரை விரிகிறது. ஒன்பது மாதத்துக்கும் மேலான இடைவெளி! "பக்கத்து வீட்டுப் பாப்பா நடக்குது, நம்ம பாப்பா நடக்கலையே" என்று வாட்ஸ்அப் குரூப்பில் கவலைப்படும் முன் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துடுங்க.

இப்படிப் பருவம் பிரித்துப் பார்ப்பது நமக்குப் புதுசும் இல்லை. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் செங்கீரை என்பது கையும் காலும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது, சப்பாணி கை கொட்டுவது, வருகை தளர்நடை போட்டு வருவது. கடைசிப் பருவத்தின் பெயர் சிறுதேர். சங்க இலக்கியமான பட்டினப்பாலையிலும் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் குதிரை பூட்டாமல் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. குதிரை இல்லாத தேர் என்றால் உழைப்பு யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய கடைக்கு அதை மாற்றி எழுதினால் தோராயமாக இப்படி வரும்:

பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தைக்கு: நடைவண்டி. நின்றபடி தள்ளுவது. உடல் எடையைக் குழந்தையின் காலே தாங்குது. வேகத்தையும் அதுவே தீர்மானிக்குது. முடிவும் உழைப்பும் குழந்தையுடையது.

நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகு: காலால் தரையை உந்தி ஓட்டும் வண்டி. ஏறுவது, இறங்குவது, பின்னால் போவது, சோபாவில் மோதாமல் திருப்புவது எல்லாமே பாடம். முதல் சில நாள் பெரும்பாலான குழந்தைகள் பின்னோக்கித்தான் போகும். விட்டுடுங்க, அதுவே கண்டுபிடிக்கும்.

இரண்டு, இரண்டரை வயசுக்கு மேல்: பெடல் இல்லாத இரு சக்கர பேலன்ஸ் பைக். சைக்கிள் ஓட்டுவதில் கஷ்டமான பகுதி பெடல் மிதிப்பதில் இல்லை, விழாமல் நிற்பதில் இருக்கு. அதை முதலிலேயே பழக்குவதுதான் இதன் வேலை.

மூணு வயசு வாக்கில்: மூன்று சக்கர சைக்கிள். ஒரு கால் மிதிக்கும்போது இன்னொரு கால் மேலே வரணும், கை திருப்பணும், கண் முன்னால் பார்க்கணும். எல்லாம் ஒரே நேரத்தில்.

மூன்று வயதில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டுவதைக் குழந்தை மருத்துவப் பாடப்புத்தகங்களே ஒரு மைல்கல்லாக எழுதியிருக்கின்றன. இதில் டேட்டாவோடு வேலை பார்க்கிறவங்களுக்கு ஒரு நெருடல் இருக்கு. வீட்டில் சைக்கிளே இல்லாத குழந்தை அந்த மைல்கல்லை எப்படிக் காட்டும்? உங்க குழந்தை பெடல் மிதிக்கலைன்னா, அதுக்கு வாய்ப்பு கிடைச்சதா என்பதை முதலில் கேளுங்க.

வாக்கர் வேற, நடைவண்டி வேற

இந்த ஒரு இடத்தில் மட்டும் தயவுசெய்து நிதானமா படிங்க. நடுவில் துணி இருக்கை, சுற்றிலும் பிளாஸ்டிக் வளையம், கீழே சின்னச் சக்கரங்கள். ஆறு, ஏழு மாதக் குழந்தையை உள்ளே இறக்கிவிடுவார்கள். பெயர் வாக்கர். தாத்தா பாட்டி அன்போடு வாங்கி வரும் பொருள்களில் முக்கியமானது.

ரெண்டு கேள்வியையும் இதுக்குப் போட்டுப் பாருங்க. குழந்தையின் எடையை இருக்கை தாங்குது. கால் நுனியால் தட்டினாலே வண்டி ஓடுது. அதனால் நிற்பதற்கும் சமநிலைக்கும் வேண்டிய உழைப்பு இல்லை. வேகமோ குழந்தையின் கட்டுப்பாட்டை மீறியது.

அயர்லாந்தில் 190 குழந்தைகளை வைத்துச் செய்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு இதை எண்ணாகவே சொல்கிறது. வாக்கரில் மொத்தமாகக் கழித்த ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும், தனியாக நடப்பது 3.3 நாளும் தனியாக நிற்பது 3.7 நாளும் தள்ளிப்போனதோடு தொடர்பு இருந்தது. தினமும் ஒரு மணி நேரம் என்றால் 24 நாளில் ஒரு "24 மணி நேரம்" முடிஞ்சிடும். கணக்கை நீங்களே போட்டுக்கலாம்.

தாமதம் பரவாயில்லை என்றாலும் காயம் அப்படி இல்லை. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை வாக்கர் தொடர்பான காயங்களுக்காக அவசர சிகிச்சைக்கு வந்த 15 மாதத்துக்குக் குறைவான குழந்தைகள் 2,30,676 பேர் என்று 2018-ல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் தலை, கழுத்துக் காயம். முக்கால்வாசி படிக்கட்டில் விழுந்தது. கனடா 2004-லேயே வாக்கர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம்ம ஊரில் இன்னும் பரிசுப் பொருளாகக் கைமாறிக்கிட்டு இருக்கு.

பழைய மர நடைவண்டிக்கு இந்தப் பிரச்சினை பெருமளவு இல்லை. குழந்தை கையை விட்டால் வண்டியும் அதுவும் தனித்தனி. ஆனாலும் படிக்கட்டுப் பக்கம் விடக் கூடாது, கூட ஆள் இருக்கணும்.

நடக்க முடியாத குழந்தைக்கு?

பொம்மை வண்டி பற்றிய பேச்சில் பெரும்பாலும் விட்டுப்போகும் கேள்வி இது. பலன் அதிகம் தேவைப்படுவதும் இங்கேதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு வயதுவரை உள்ள மாற்றுத்திறன் குழந்தைகள் சுமார் 20.4 லட்சம் பேர். மூளை முடக்குவாதம் போன்ற காரணங்களால் தானே நகர முடியாத குழந்தைக்கு, பந்து உருண்டுபோனால் தொடர்ந்து போக வழி இல்லை. அம்மாகிட்ட போகணும்னாலும் யாராவது தூக்கணும். மற்ற குழந்தைகள் ஒரு மணி நேரத்தில் 2,368 அடி எடுத்து வைத்துச் சேர்க்கும் அனுபவம் இந்தக் குழந்தைக்கு மொத்தமாகவே கிடைக்காமல் போகலாம்.

அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கோல் கேலவே தொடங்கிய "கோ பேபி கோ" திட்டம் இதற்குக் கண்டுபிடித்த வழி ரொம்ப எளிமையானது. கடையில் கிடைக்கும் அதே பேட்டரி காரை வாங்கினார்கள். கால் பெடலுக்குப் பதிலா ஸ்டீயரிங்கில் ஒரு பெரிய பட்டன். தட்டினால் ஓடும், எடுத்தால் நிற்கும். முதுகும் கழுத்தும் சாயாமல் இருக்க பிவிசி குழாயும் நுரை மெத்தையும். அவ்வளவுதான். கார்ட்டில் காத்துக்கிட்டு இருக்கும் அந்த ஜீப், சரியான குழந்தையின் கையில் கிடைத்தால் ஒரு கருவி ஆகிவிடுகிறது. இதைப் பயிற்சி பெற்ற தெரபிஸ்ட் துணையோடுதான் செய்யணும். வயரிங்கில் நாமே கை வைக்கக் கூடாது.

காணிப்பாக்கத்தின் தலபுராணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். காது கேளாதவர், பேச முடியாதவர், பார்வை இல்லாதவர் என மூன்று சகோதரர்கள். கிணறு தோண்டும்போது பிள்ளையார் வெளிப்பட்டார், மூவருக்கும் குறை நீங்கியது என்பது கதை. நாம அந்த அதிசயத்தை மட்டும் நினைவு வைத்துக்கொள்கிறோம். அதுக்கு முன்னாடியே மூணு பேரும் சேர்ந்து ஒரு நிலத்தில் விவசாயம் பண்ணிக்கிட்டு இருந்தாங்க என்பதும் அதே கதையில்தான் இருக்கு.

குழந்தையின் வளர்ச்சியில் சந்தேகம் இருந்தால் அதிசயத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டம் 2013-லிருந்து நடக்கிறது. பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை. மேல்கவனிப்புக்கு டிஇஐசி எனப்படும் மாவட்ட அளவிலான மையங்கள். பதினெட்டு மாதம் ஆகியும் நடக்காத குழந்தையைக் கட்டாயம் காட்டணும். சித்தூர், காணிப்பாக்கம் பக்கத்து மக்களுக்கு வேலூர் சிஎம்சி-யின் குழந்தை வளர்ச்சிப் பிரிவும் எட்டும் தூரத்தில் இருக்கு.

வாங்கும்போது எதைப் பார்க்கணும்?

ஐஎஸ்ஐ முத்திரை. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். ஏன் வந்தது? இந்தியத் தரக் குழு 2019-ல் டெல்லி வட்டாரச் சந்தையிலிருந்து 121 மாதிரிகளை எடுத்துச் சோதித்ததில் 66.9 சதவீதம் தேறவில்லை. சாதாரணப் பொம்மைக்கு ஐஎஸ் 9873, மின்சாரப் பொம்மைக்கு ஐஎஸ் 15644 என்ற எண் பெட்டியில் இருக்கணும்.

நடைவண்டியில் முத்திரை இல்லையே? பதிவு பெற்ற கைவினைக் கலைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், கொண்டபள்ளி, ஏட்டிகொப்பாகா போன்ற புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லாததாலேயே அது மோசம் என்று அர்த்தம் இல்லை. ஆனால் சோதனை உங்க பொறுப்பு: விளிம்பில் சிலாம்பு இருக்கா, ஆணி வெளியே நீட்டிக்கிட்டு இருக்கா, பெயின்ட் உரியுதா, சக்கரம் கழன்று வருதா? குழந்தை அதை ஓட்டுவதைவிட வாயில் வைப்பதுதான் அதிகமாக இருக்கும்.

வரி. 2025 செப்டம்பர் 22 முதல் மூன்று சக்கர சைக்கிள், ஸ்கூட்டர், பெடல் கார் போன்ற பொம்மைகளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. எலக்ட்ரானிக் பொம்மைகளுக்கு 18 சதவீதம். அடிப்படை விலை 3,000 ரூபாய் என்றால் ஒன்றுக்கு வரி 150 ரூபாய், இன்னொன்றுக்கு 540. இந்த ஒரு விஷயத்தில் வரித் துறையும் காலால் ஓட்டும் வண்டிப் பக்கம்தான் நிற்குது!

ஆயுள். இந்த வண்டிகள் ஒவ்வொன்றும் குழந்தைக்குப் பொருந்துவது ஒன்று, ஒன்றரை வருஷம்தான். அக்கா பையனிடமிருந்து வாங்கி, அபார்ட்மெண்டில் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதில் வெட்கம் எதுவும் வேண்டாம்.

வாங்கியாச்சு. எங்கே ஓட்டறது?

ஒன்று முதல் நான்கு வயது வரையிலான குழந்தைகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 180 நிமிடம் உடலியக்கம் வேணும் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். மூன்று வயதுக்கு மேல் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்கணும். ஸ்ட்ரோலரிலோ நாற்காலியிலோ ஒரே மூச்சில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டிப்போடக் கூடாது. இரண்டு முதல் நான்கு வயதுக்குத் திரை நேரம் ஒரு மணிக்குள். ஒரு வயசுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம்.

180 நிமிடம் என்றால் மூணு மணி நேரம். ரெண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், அறுநூறு சதுர அடி ஃப்ளாட்டில், வாசலில் பைக் வரிசை கட்டி நிற்கும் தெருவில் இதைத் தேடணும். பல வீடுகளில் உண்மையான தட்டுப்பாடு பொம்மைக்கு இல்லை, இடத்துக்கும் கூட இருக்கும் ஆளுக்கும்தான். அலமாரி மேல் பாலிதீன் கவரோடு உட்கார்ந்திருக்கும் சைக்கிள் யாருக்கும் எதையும் கற்றுத் தராது.

அதனால் விலையைப் பார்க்கும் முன் இடத்தைப் பாருங்க. மாடி என்றால் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம்? பார்க்கிங் என்றால் எந்த நேரம் வண்டி வராது? குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் "மாலை ஐந்திலிருந்து ஏழு வரை இந்தப் பகுதியில் வண்டி நகரக் கூடாது" என்று ஒரு தீர்மானம் வாங்க முடிஞ்சா, அது எந்த ஜீப்பைவிடவும் பெரிய பரிசு.

ஊருக்குப் போனால் இன்னும் சுலபம். பாக்கு மட்டையில் ஒருத்தர் உட்கார, இன்னொருத்தர் இழுத்து விளையாடியது நமக்கே நினைவிருக்கும். கொஞ்ச தூரம் போனதும் "இப்போ என் முறை" என்று சண்டை வரும். முறை மாற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்ட இடம் அதுதான். விலை சைபர்.

கடைசியா, கடைத்தெருவுக்கே திரும்புவோம். எந்த வண்டி வாங்கினாலும் குழந்தை செய்யும் முதல் வேலை ஒன்றுதான்: கொஞ்ச தூரம் போகும், திரும்பி நீங்க இருக்கீங்களா என்று பார்க்கும், வந்து உங்களை ஒரு சுற்றுச் சுற்றும், மறுபடி போகும். மாம்பழத்துக்காக அம்மையப்பனைச் சுற்றி வந்தவர் கோயில் கொண்ட ஊரில் இதைத் தனியா விளக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ரிமோட்டும் போனும் உங்க கையில் இல்லாமல் இருந்தால் போதும்.